ஈமேக்ஸ் லிஸ்ப் பழுதுகள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் காணும் முறை

சனிக்கிழமை காலைகளில் பெங்களூரு அல்சூரில் உள்ள என் வீட்டு முன்னறையில் நான்கைந்து பேர் மடிக்கணினிகளோடு கூடுகிறோம். ஒருவர் ஓசூரிலிருந்து பேருந்தில் வருகிறார். இன்னொருவர் சிவாஜி நகரிலேயே பிறந்து, பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தவர். எல்லோரும் ஈமேக்ஸ் திருத்தியில் எழுதுகிறவர்கள். அதைத் தம் தேவைக்கேற்ப விரித்துக்கொள்ள ஈமேக்ஸ் லிஸ்ப் மொழியில் சிறுசிறு நிரல்களைச் செய்துகொள்கிறவர்கள். அந்த அறையில் திரும்பத் திரும்ப எழும் பழுதுகளை, திரையில் தெரியும் அறிகுறியை முன்வைத்து, இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-ஆம் ஆண்டு வெளியிட்ட குனூ ஈமேக்ஸின் உட்கரு சி மொழியில் எழுதப்பட்டது; ஆனால் கோப்பைத் திறப்பது முதல் எழுத்துகளுக்கு நிறமிடுவது வரை நாம் அன்றாடம் புழங்கும் பெரும்பகுதி லிஸ்பிலேயே இருக்கிறது. நாம் எழுதும் நிரலும், திருத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே நினைவகத்தில் அதே மாறிகளோடு கலந்துவிடுகிறது. ஆகவே கோப்பில் நம் கண்ணுக்குத் தெரியும் நிரலும் நினைவகத்தில் உயிரோடு இருக்கும் நிரலும் ஒன்றேதான் என்று நம்பிவிடக் கூடாது. நான் பார்த்த பழுதுகளில் மிகப் பல இந்த இடைவெளியிலேயே பிறந்தவை.

கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைக்கோடுகளை விடாமல் தட்ட வேண்டும். மெட்டா என்பது பெரும்பாலான விசைப்பலகைகளில் ஆல்ட் விசை.

எந்தப் பழுதானாலும் முதலில் செய்ய வேண்டியவை

முனையத்தில் ஈமேக்ஸ் என்னும் பெயருக்குப் பின் ஒரு கழித்தல் குறியும் பெரிய எழுத்து க்யூவும் இட்டுத் திறந்தால், உங்கள் தொடக்கக் கோப்பு உட்பட எந்த அமைப்பும் ஏறாத வெறும் ஈமேக்ஸ் கிடைக்கும். சந்தேகத்துக்குரிய நிரலை மட்டும் அதில் இயக்கிப் பாருங்கள். பழுது அங்கேயும் தெரிந்தால் அது அந்த நிரலுக்குள்ளேயே இருக்கிறது. தெரியவில்லை என்றால் உங்கள் அமைப்புகளில் வேறொன்றோடு அது மோதுகிறது. மோதும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தொடக்கக் கோப்பின் கீழ்ப்பாதியைக் குறிப்புரையாக மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். பழுது போய்விட்டால் காரணம் கீழ்ப்பாதியில், போகாவிட்டால் மேற்பாதியில். 400 வரிக் கோப்பானாலும் ஒன்பது முறைக்குள் இடம் கையில் அகப்பட்டுவிடும். எங்கள் அறையில் இந்த வேலைக்குப் பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஊகித்து ஊகித்து ஒரு காலைப் பொழுதைக் கழிப்பதைக் காட்டிலும் இது எப்போதும் விரைவானது.

இரண்டாவது சோதனை, பிழை நேரும் கணத்தில் அழைப்புத் தடத்தைப் பிடிப்பது. மெட்டா-எக்ஸ் தட்டி டாகிள்-டீபக்-ஆன்-எரர் என்று கொடுத்துவிட்டு, பழுதை மறுபடி நிகழ்த்துங்கள். திருத்தி திறக்கும்போதே பிழை வருகிறது என்றால் முனையத்தில் இரண்டு கழித்தல் குறிகளுக்குப் பின் டீபக்-இனிட் என்று சேர்த்துத் திறக்க வேண்டும். தோன்றும் பேக்ட்ரேஸ் சாளரத்தின் மேல் வரி பிழை நேர்ந்த இடம். அதிலிருந்து கீழே இறங்க இறங்க, அதை அழைத்தது யார், அவரை அழைத்தது யார் என்று தெரியும். அந்த வரிகளில் நீங்கள் எழுதிய செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) பெயர் முதலில் வரும் இடத்தில் நிறுத்திப் படியுங்கள்.

தொடக்கக் கோப்பில் எழுதியது எதுவுமே நடக்கவில்லை

பெரும்பாலும் நீங்கள் திருத்துவது ஒரு கோப்பாகவும் ஈமேக்ஸ் படிப்பது வேறொரு கோப்பாகவும் இருக்கும். இல்ல அடைவில் புள்ளி-ஈமேக்ஸ் என்னும் பெயரில் ஒரு கோப்பு இருந்தால், புள்ளி-ஈமேக்ஸ்-புள்ளி-டி அடைவுக்குள் இருக்கும் இனிட் கோப்பை ஈமேக்ஸ் திரும்பியும் பார்ப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ வைத்த வெற்றுக் கோப்புகூட இதைச் செய்துவிடும். 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து கான்ஃபிக் அடைவுக்குள்ளும் இனிட் கோப்பை வைக்கலாம் என்றாலும், பழைய இரண்டு இடங்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் அதற்கே முன்னுரிமை. ஊகம் எதற்கு? கண்ட்ரோல்-எச் அழுத்தி, பின் வி அழுத்தி, யூசர்-இனிட்-ஃபைல் என்று கேட்டால் எந்தக் கோப்பு படிக்கப்பட்டது என்பதை ஈமேக்ஸே சொல்லிவிடும்.

பாதி அமைப்புகள் மட்டும் வேலை செய்கின்றன

தொடக்கக் கோப்பை ஈமேக்ஸ் மேலிருந்து கீழாக, ஒரு கோவையை, அதாவது அடைப்புக்குறிகளுக்குள் அடங்கிய ஒரு லிஸ்ப் கூற்றைப் படித்து, அதை நிறைவேற்றி, பிறகு அடுத்ததைப் படிக்கிறது. நடுவில் ஓரிடத்தில் பிழை வந்தால் அதற்கு மேலுள்ளவை நடந்து முடிந்திருக்கும்; கீழுள்ளவை நடந்திராது. எனவே வேலை செய்யும் கடைசி அமைப்பைக் கண்டுபிடித்தால் பிழை அதற்கு அடுத்துத்தான் இருக்கும்.

“எண்ட் ஆஃப் ஃபைல் டியூரிங் பார்ஸிங்” என்ற செய்தி, திறந்த அடைப்புக்குறி ஒன்று மூடப்படாமல் கோப்பு முடிந்துவிட்டது என்று பொருள்படும். மேற்கோள் குறி ஒன்று விடுபட்டாலும் இதே செய்தி வரலாம்; அப்போது சரம் எது, நிரல் எது என்பதே அந்த இடத்திலிருந்து தலைகீழாகிவிடும், நிறங்களும் மாறித் தெரியும். மெட்டா-எக்ஸ் வழியே செக்-பேரென்ஸ் கொடுத்தால் சமன்படாத குறியின் மேல் இடங்காட்டி போய் நிற்கும்.

ஆனால் அடைப்புக்குறி எந்தக் கோவையில் விடுபட்டது என்பது தெரிந்தாலும், அதற்குள் சரியாக எங்கே மூட வேண்டும் என்பதை அது சொல்லாது. அதற்கு நான் கைக்கொள்ளும் வழி இது. முதலில் கோவையின் இறுதியில் ஒரு மூடுகுறியைத் தற்காலிகமாக இட்டுவிட்டு, அதன் தொடக்கத்தில் இடங்காட்டியை வைத்துக் கண்ட்ரோல்-மெட்டா-க்யூ அழுத்துங்கள். ஈமேக்ஸ் அடைப்புக்குறிகளை மட்டுமே நம்பி ஒவ்வொரு வரியையும் மறுபடி உள்தள்ளும். எந்த வரியிலிருந்து உரை வலப்பக்கம் நகர்ந்ததோ, அதற்குச் சற்று மேலேதான் மூடுகுறி விடுபட்டிருக்கிறது. ஏனென்றால் பழைய உள்தள்ளல் உங்கள் எண்ணத்தையும், புதிய உள்தள்ளல் உண்மையான அமைப்பையும் காட்டுகின்றன. பார்த்தவுடன் அந்த மாற்றத்தைச் செயல்நீக்கி, இறுதியில் இட்ட தற்காலிகக் குறியையும் எடுத்துவிட்டு, உரிய இடத்தில் குறியை இட்டு, மறுபடி அழுத்துங்கள். எந்த வரியும் அசையவில்லை என்றால் சரியான இடத்தில் இட்டிருக்கிறீர்கள். மூடுகுறி ஒன்று கூடுதலாக இருந்தால் செய்தி “இன்வாலிட் ரீட் சின்டாக்ஸ்” என்று தொடங்கும். தேடும் முறை அதே.

மாறிக்கு மதிப்பே இல்லை என்ற செய்தி

“சிம்பல்ஸ் வேல்யூ ஆஸ் வேரியபிள் இஸ் வாய்ட்” என்று வந்து, அதன்பின் ஒரு பெயர் வரும். அந்தப் பெயரை மாறி என்று கருதி மதிப்பைக் கேட்டேன், கிடைக்கவில்லை என்பதே ஈமேக்ஸ் சொல்வது. இந்த ஒரு செய்திக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, ஒற்றை மேற்கோள் விடுபட்டிருப்பது. ஹுக் என்பது ஒரு நிகழ்வு நேரும்போது ஓட வேண்டிய செயற்கூறுகளின் பட்டியல். ஆட்-ஹுக் என்னும் செயற்கூற்றுக்கு ஹுக்கின் பெயரைத் தர வேண்டும், அதன் மதிப்பையன்று. பெயருக்கு முன் ஒற்றை மேற்கோள் இல்லாவிட்டால் லிஸ்ப் அதை மதிப்பிடப் போய்விடுகிறது.

இரண்டாவது, ஒரு மோடின் (ஒரு வகைக் கோப்புக்கான இயக்கமுறையின்) கீமேப்பை, அதாவது விசைகளைக் கட்டளைகளோடு இணைக்கும் அட்டவணையை, அந்த மோட் நினைவகத்தில் ஏறுமுன்பே தொட முயல்வது. பைத்தான் கோப்பு எதையும் திறக்காத நிலையில் பைத்தான்-மோட்-மேப் என்ற மாறி இன்னும் பிறந்திருக்காது. அந்த வரிகளை வித்-ஈவல்-ஆஃப்டர்-லோட் என்பதற்குள் வைத்தால், அந்த நூலகம் ஏறிய பின்னரே அவை நடக்கும்.

மூன்றாவது, கைபேசியிலிருந்து வந்த நிரல். நண்பர்கள் தங்கள் அமைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, சில கைபேசி விசைப்பலகைகள் நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக மாற்றிவிடுகின்றன. லிஸ்புக்கு வளைந்த குறி சரத்தின் எல்லையன்று. அது பெயரின் ஓர் எழுத்து. அண்மைப் பதிப்புகளில் இதற்கு “ஸ்ட்ரேஞ்ச் கோட்” என்று தனிச் செய்தியே வருகிறது. பழைய பதிப்புகளில் மதிப்பற்ற மாறியாகத் தெரியும்.

நான்காவது காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்து வரும் தம்பி, பத்து நிமிடம் கழித்து ஒரு நினைவூட்டலைக் காட்டும் சிறு செயற்கூறு எழுதியிருந்தார். லெட் கொண்டு செய்தி என்ற மாறியில் ஒரு சரத்தை வைத்து, ரன்-வித்-டைமருக்கு ஒரு லாம்டாவை (பெயரில்லாச் செயற்கூற்றை) கொடுத்திருந்தார். அந்த லாம்டா அந்த மாறியைக் காட்ட வேண்டும். (லிஸ்பில் மாறிக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.) “அக்கா, ஸ்க்ராட்ச்ல ஓடுது. அதையே இனிட்ல போட்டா பத்து நிமிஷம் கழிச்சு, செய்தின்னு ஒரு மாறியே இல்லைங்குது,” என்றார். நிரலில் ஓர் எழுத்தும் தவறில்லை. ஸ்க்ராட்ச் பஃபர் (பஃபர் என்பது ஈமேக்ஸ் உரையை வைத்திருக்கும் இடம்; ஸ்க்ராட்ச் நிரலைச் சோதித்துப் பார்ப்பதற்கானது) சொல்லெல்லைப் பிணைப்பு என்னும் லெக்சிகல்-பைண்டிங் முறையில் மதிப்பிடுகிறது. அதில் லாம்டா தான் பிறந்த இடத்தின் மாறிகளைத் தன்னோடு எடுத்துச் செல்லும். ஆனால் அவருடைய தொடக்கக் கோப்பு பழைய இயங்குநிலைப் பிணைப்பில் படிக்கப்பட்டது. அதில் லெட் முடிந்த கணமே மாறி மறைந்துவிடும், பத்து நிமிடம் கழித்து வரும் லாம்டாவுக்கு எதுவும் மிஞ்சியிராது. தீர்வு கோப்பின் முதல் வரியில் இருக்கிறது: குறிப்புரையாக, கழித்தல்-உடுக்குறி-கழித்தல் இணைகளுக்கு நடுவே, லெக்சிகல்-பைண்டிங் என்பதற்கு டீ (லிஸ்பில் ‘ஆம்’) என்னும் மதிப்பைத் தர வேண்டும். அது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். இரண்டாம் வரியில் இட்டால் பயனில்லை. இந்த வசதி 2012-இல் 24-ஆம் பதிப்போடு வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்களோடு ஒத்துப்போகவே பழைய முறை நீடித்தது. 30-ஆம் பதிப்பில் அந்த வரி இல்லாத கோப்பைத் தொகுக்கும்போது எச்சரிக்கை வருகிறது. புதிதாக எழுதத் தொடங்குகிற ஒவ்வொருவரும் அந்த வரியை இட்ட பின்னரே மற்றதை எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. மாறிக்கு மதிப்பிடும் செட்க்யூவில் பெயரைத் தவறாக எழுதினால் பிழையே வராது. அந்தத் தவறான பெயரில் புதிய மாறி ஒன்று பேசாமல் பிறந்துவிடும், நீங்கள் விரும்பிய மாற்றம் மட்டும் நடக்காது. பைட்-கம்பைல்-ஃபைல் கொண்டு கோப்பைத் தொகுத்தால் இத்தகைய பெயர்களைக் கட்டற்ற மாறி என்று எச்சரிக்கும். ஃப்ளைமேக் மோடும் இதே எச்சரிக்கைகளை அடிக்கோடாகக் காட்டும். ஆனால் 30-ஆம் பதிப்பிலிருந்து டிரஸ்டட்-கன்டென்ட் என்ற அமைப்பில் நம்பத்தக்கவை என்று குறித்த கோப்புகளுக்கே அந்தச் சோதனை நடக்கும். பதிப்பை மாற்றியவுடன் அடிக்கோடுகள் மறைந்தன என்றால் காரணம் அதுதான்.

செயற்கூறே இல்லை என்ற செய்தி, நூலகம் திறக்கவில்லை என்ற செய்தி

ஈமேக்ஸ் லிஸ்பில் ஒரே பெயருக்கு மாறியாக ஒரு மதிப்பும் செயற்கூறாக வேறொரு பொருளும் தனித்தனி இடத்தில் இருக்கும். ஆகவே மாறியில் மதிப்பு இருப்பது, அப்பெயரைக் கோவையின் முதலிடத்தில் வைத்து அழைக்க உதவாது. ஒரு மாறிக்குள் இருக்கும் செயற்கூற்றை அழைக்க வேண்டுமானால் ஃபன்கால் வேண்டும். வேறு மொழிகளிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இதில் இடறுகிறார்கள்.

பெயர் சரியாக இருந்தும் செய்தி வந்தால், அந்தச் செயற்கூறு இருக்கும் நூலகம் இன்னும் ஏறவில்லை. நூலகத்தை ஏற்றும் ரெக்வயர் கொடுத்தும் “கேனாட் ஓபன் லோட் ஃபைல்” என்று வந்தால் லோட்-பாத் என்ற பட்டியலில் அந்த அடைவு இல்லை. அடைவைச் சேர்த்தால் அதன் உள்ளடைவுகள் தாமாகச் சேராது என்பதைக் கவனியுங்கள். கோப்பு எந்த அடைவில் நேரடியாக இருக்கிறதோ அதையே சேர்க்க வேண்டும்.

எழுதிய கட்டளை மெட்டா-எக்ஸில் தெரியவில்லை

செயற்கூற்றை வரையறுக்கும் டீஃபன்னின் உடலில் ஆவண உரைக்கு அடுத்து இன்டராக்டிவ் என்ற கோவை இல்லை. அது இல்லாத செயற்கூற்றை மற்ற நிரல்கள் அழைக்கலாம், மனிதர் அழைக்க முடியாது. அதை ஒரு விசையோடு இணைத்து அழுத்தினால் “ராங் டைப் ஆர்க்யூமென்ட்: கமாண்ட்பி” என்ற செய்தி வருவதும் இதனாலேயே.

தவறான வகை மதிப்பு என்ற செய்தி

“ராங் டைப் ஆர்க்யூமென்ட்” என்பதற்குப் பின் இரண்டு சொற்கள் வரும். முதலாவது எதிர்பார்த்த வகை, இரண்டாவது வந்து சேர்ந்த மதிப்பு. ஸ்ட்ரிங்பி, நில் என்று வந்தால், சரத்தை எதிர்பார்த்த இடத்தில் வெறுமை வந்திருக்கிறது. இந்த இணைக்கு நான் முதலில் தேடுவது பஃபர்-ஃபைல்-நேம். ஸ்க்ராட்ச் போன்று கோப்போடு தொடர்பில்லாத பஃபரில் அதன் மதிப்பு நில். கோப்பில் நன்றாக ஓடிய கட்டளை அங்கே உடைந்து போகும். இன்டிஜர்-ஆர்-மார்க்கர்-பி, நில் என்று வந்தால் தேடல் தோற்றுப்போய் நில் திரும்பியதைச் சோதிக்காமல் கோட்டூ-சாருக்குக் கொடுத்திருக்க வாய்ப்பு மிகுதி.

வெறுமை எங்கே பிறந்தது என்று பார்வையாலேயே தெரியாவிட்டால் ஈடீபக் இருக்கிறது. செயற்கூற்றுக்குள் இடங்காட்டியை வைத்து, கண்ட்ரோல்-யூ அழுத்திவிட்டுக் கண்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் அழுத்துங்கள். அடுத்த முறை அது அழைக்கப்படும்போது நிரல் அந்த இடத்திலேயே நின்று, இடைவெளி விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு கோவையாக நகர்ந்து, ஒவ்வொன்றின் மதிப்பையும் கீழ்வரியில் காட்டும். எந்த இடத்தில் நீங்கள் எதிர்பாராத மதிப்பு முதலில் தோன்றுகிறதோ அதுவே பழுதின் வேர். வேலை முடிந்ததும் கண்ட்ரோல்-யூ இல்லாமல் அதே விசைகளை அழுத்தினால் செயற்கூறு இயல்பு நிலைக்குத் திரும்பும்.

மாற்றிவிட்டேன், ஆனால் பழையதே நடக்கிறது

தொடக்கத்தில் சொன்ன இடைவெளி இங்கேதான் மிகுதியும் வெளிப்படுகிறது. மாறியை அறிமுகப்படுத்தும் டீஃப்வார், அந்த மாறிக்கு மதிப்பு ஏற்கெனவே இருந்தால் அதைத் தொடுவதில்லை. கோப்பில் மதிப்பை மாற்றி ஈவல்-பஃபர் கொடுத்தாலும் நினைவகத்தில் பழைய மதிப்பே நிற்கும். அந்த டீஃப்வாரின் மேல் இடங்காட்டியை வைத்துக் கண்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் அழுத்தினால் புதிய மதிப்பு ஏறும்; இந்தக் கட்டளை டீஃப்வாரைத் தனியாக நடத்துகிறது.

தாவல் அகலத்தைத் தொடக்கக் கோப்பில் செட்க்யூ கொண்டு 4 ஆக்கினேன், எந்தக் கோப்பிலும் அது தெரியவில்லை என்பது அடுத்த முறையீடு. டேப்-விட்த் போன்ற சில மாறிகள் மதிப்பு இடப்பட்ட கணத்தில் அந்தந்த பஃபருக்கு உரியனவாகிவிடுகின்றன. திருத்தி திறக்கும் வேளையில் எந்த பஃபர் நடப்பில் இருந்ததோ அதற்கு மட்டும் உங்கள் மதிப்பு போய்ச் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் வேண்டுமானால் செட்க்யூ-டீஃபால்ட் எழுத வேண்டும். ஒரு மாறி இத்தகையதா என்பதைக் கண்ட்ரோல்-எச் வி தரும் விளக்கமே சொல்லும்.

ஹுக்கில் லாம்டாவைச் சேர்த்து, அதைத் திருத்தி மறுபடி மதிப்பிட்டால், ஈமேக்ஸ் அதைப் புதிய ஒன்றாகக் கருதிச் சேர்க்கும்; பழையதும் ஹுக்கில் அப்படியே இருக்கும், இரண்டும் ஓடும். செயற்கூற்றுக்கு ஒரு பெயரிட்டு அந்தப் பெயரைச் சேர்த்தால், திருத்திய வரையறை தானாக நடப்புக்கு வரும். ஹுக்கில் லாம்டாவை இடவே கூடாது என்று எங்கள் அறையில் விதியாகவே வைத்திருக்கிறோம்.

இன்னொரு காரணம் தொகுக்கப்பட்ட பழைய கோப்பு. மூலக் கோப்பைத் திருத்தியிருந்தாலும் பக்கத்தில் பழைய தொகுப்புக் கோப்பு இருந்தால் ஈமேக்ஸ் அதையே ஏற்றும். மெசேஜஸ் பஃபரில் அதைச் சொல்லியும் வைக்கும். லோட்-ப்ரிஃபர்-நியூவர் என்பதை டீ ஆக்கினால் இரண்டில் புதியதை எடுத்துக்கொள்ளும்.

முதல் முறை சரியாக நடக்கிறது, பிறகு கெட்டுவிடுகிறது

போஸ்ட்-கமாண்ட்-ஹுக்கில் இட்ட செயற்கூறு சிறிது நேரம் வேலை செய்து பின் நின்றுவிட்டால், அது ஒரு முறை பிழை செய்திருக்கிறது. அந்த ஹுக் ஒவ்வொரு விசைக்குப் பின்னும் ஓடுவதால், பிழை செய்த செயற்கூற்றை ஈமேக்ஸ் ஹுக்கிலிருந்தே நீக்கிவிடுகிறது. இல்லாவிட்டால் திருத்தியைப் பயன்படுத்தவே முடியாமல் போகும். மெசேஜஸ் பஃபரைத் திறந்து மேலே தேடினால் அந்தப் பிழைச் செய்தி கிடைக்கும்.

ஒவ்வொரு அழைப்பிலும் பட்டியல் நீண்டுகொண்டே போவது இன்னொரு வடிவம். ஒற்றை மேற்கோளிட்டு எழுதிய பட்டியல் நிரலின் உடலிலேயே இருக்கும் ஒரே பொருள். அழைக்கும்போதெல்லாம் புதிதாகப் பிறப்பதில்லை. அதன் வாலில் என்கான்க் கொண்டு எதையேனும் ஒட்டினால் நிரலே மாறிவிடுகிறது. அதே பட்டியலை இரண்டாம் முறை ஒட்டினால் வால் தலையைத் தொட்டு வட்டமாகி, அதன் மேல் ஓடும் சுற்று முடிவே இல்லாமல் போகும். லிஸ்ட் என்னும் செயற்கூற்றால் பட்டியலைப் புதிதாக ஆக்குங்கள், அல்லது என்கான்க்குக்குப் பதில் அப்பெண்ட் எழுதுங்கள்.

தமிழ்ச் சரங்களில் எண்ணிக்கை தவறுகிறது, தேடல் பொய்க்கிறது

இந்தப் பகுதியைத் தமிழில் வேறெங்கும் நான் படித்ததில்லை என்பதால் நிதானமாக எழுதுகிறேன். சிவாஜி நகர் நண்பர் கட்டுரைகளில் எழுத்துகளை எண்ணும் கட்டளை ஒன்றைச் செய்தார். பெங்களூரு என்ற சொல்லுக்கு அது 9 என்று விடை சொன்னது. பள்ளிக் கணக்கில் பெ, ங், க, ளூ, ரு என்று ஐந்தே எழுத்துகள். லெங்த் எண்ணுவது யூனிகோடு குறிகளை: ப, அதன் ஒற்றைக்கொம்பு, ங, அதன் புள்ளி, க, ள, அதன் ஊகாரக் குறி, ர, அதன் உகாரக் குறி. ஒன்பதும் சரியான விடைதான், கேள்விதான் வேறு.

எழுத்தை எண்ண வேண்டுமானால் ஒவ்வொரு குறிக்கும் கெட்-சார்-கோட்-ப்ராப்பர்ட்டி கொண்டு ஜெனரல்-கேட்டகரி என்ற பண்பைக் கேட்டு, எம்என், எம்சி (இவற்றில் எம் மட்டும் பெரிய எழுத்து) என்ற இரண்டு வகைகளையும் விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணலாம். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் இவ்விரண்டு வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆய்தம் அவற்றில் சேராது, ஆகவே எழுத்தாகவே எண்ணப்படும். க்ஷ என்பதும் ஸ்ரீ என்பதும் மட்டும் ஒவ்வொன்றும் இரண்டெழுத்தாகக் கணக்கில் வரும்; அவற்றை ஒன்றாகக் கொள்வதா என்பது எழுதுகிறவர் தீர்மானிக்க வேண்டியது. 29-ஆம் பதிப்பில் வந்த ஸ்ட்ரிங்-க்ளிஃப்-ஸ்ப்ளிட்டும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் என்றாலும், அது திரையில் எழுத்துகள் சேரும் முறையைச் சார்ந்திருப்பதால், சாளரமின்றி ஓடும் நிரலில் நான் அதை நம்புவதில்லை.

அடுத்தது, சொற்பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் சொல் தேடினால் கிடைக்காத பழுது. முதலில் அஸ்க்யூ எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது ஈக்யூ கொண்டு ஒப்பிடுகிறது. ஒரே எழுத்துகள் கொண்ட இரண்டு சரங்கள் அதற்கு வேறு வேறு பொருள்கள். சரங்களுக்கு அஸாக் வேண்டும். அலிஸ்ட்-கெட்டும் தன்னியல்பில் ஈக்யூவையே கொள்வதால், அதற்கு ஈக்வலைத் தனியே தர வேண்டும்.

அஸாக் எழுதியும் கிடைக்கவில்லை என்றால் சொல்லுக்குள்ளேயே பார்க்க வேண்டும். தொகுப்பு என்ற சொல்லின் முதலெழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: த-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாகவோ, ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் என இரண்டு குறிகளாகவோ. திரையில் அணுவளவும் வேறுபாடு தெரியாது. ஈமேக்ஸோ குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டு, சமமில்லை என்கிறது. இடங்காட்டியை அந்த எழுத்தின் மேல் வைத்து, கண்ட்ரோல்-யூ, கண்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி என்று அழுத்தினால் எந்தெந்தக் குறிகள் சேர்ந்து அந்த எழுத்து ஆனது என்பது விரிவாகத் தெரியும். தீர்வு, பட்டியலில் சேர்க்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கத்தையும் யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ஸ்ட்ரிங் (இதில் என்எஃப்சி மட்டும் பெரிய எழுத்தில்) வழியே அனுப்புவது. யூசிஎஸ்-நார்மலைஸ் என்ற நூலகம் ஈமேக்ஸோடேயே வருகிறது. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பிட்டு ள என்ற எழுத்தைத் தட்டியிருந்தால் மட்டும் இது உதவாது. அது எழுத்துப் பிழை. அதை நாமே தேடித் திருத்த வேண்டும்.

தமிழ் விசைப்பலகையில் இருக்கும்போது கட்டளைகள் ஏற்கப்படவில்லை

இயங்குதளத்தில் தமிழ்99 விசைப்பலகையை வைத்துக்கொண்டு கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் ஈமேக்ஸுக்குக் கண்ட்ரோல்-ஓ என்று தமிழ் ஓகாரம் போய்ச் சேர்ந்து, அப்படி ஒரு விசை வரையறுக்கப்படவில்லை என்று செய்தி வரும். இயங்குதளத்தை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, கண்ட்ரோல் விசையோடு பின்சாய்கோட்டை அழுத்தி, ஈமேக்ஸின் சொந்த உள்ளீட்டு முறைகளில் தமிழ்-ஐட்ரான்ஸ் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது எழுத்துகளை மட்டும் தமிழாக்கும். கட்டளை விசைகளைத் தொடாது.

திருத்தி உறைந்துவிடுகிறது

டாகிள்-டீபக்-ஆன்-க்விட்டை முன்பே இயக்கி வைத்திருந்தால், உறைந்த நேரத்தில் கண்ட்ரோல்-ஜி அழுத்தினாலே நிரல் எங்கே சுற்றிக்கொண்டிருந்தது என்பது பேக்ட்ரேஸில் தெரியும். நான் கண்டவற்றில் பெரும்பாலானவை வைல் சுற்றுக்குள் ரீ-சர்ச்-ஃபார்வர்டு இருக்கும் நிரல்கள். தேடும் கோலம் வெற்றுச் சரத்தோடும் பொருந்துமானால், தேடல் வெற்றி என்று சொல்லும், ஆனால் இடங்காட்டி ஓரடியும் நகராது, சுற்று முடியாது. கோலத்தில் உடுக்குறி இருக்கும் இடத்தில் கூட்டல் குறி இட முடியுமா என்று பாருங்கள். அத்துடன், லிஸ்ப் சரத்துக்குள் பின்சாய்கோட்டை இரட்டிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். ஒன்றைச் சரம் படிப்பதிலேயே இழந்துவிடுவோம். ரீ-பில்டர் கட்டளையில் கோலத்தை எழுத எழுதப் பொருந்தும் இடங்கள் உடனே ஒளிர்வதால், நிரலில் இடுமுன் அங்கே சோதித்துக்கொள்ளலாம்.

கண்ட்ரோல்-ஜிக்கும் அசையாவிட்டால், முனையத்திலிருந்து பீகில் கட்டளையால் ஈமேக்ஸுக்குச் சிக்யூஎஸ்ஆர்2 சைகையை அனுப்புங்கள். ஈமேக்ஸ் அதைப் பிழைநீக்கியைத் திறக்கும் ஆணையாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே திருத்தி மூடிக்கொள்ளாமல் பேக்ட்ரேஸ் திறக்க வாய்ப்புண்டு. அதுவும் பயன்படாமல் வலிந்து மூட நேர்ந்தால், மறுபடி திறந்தவுடன், வேறெதையும் சேமிக்குமுன், ரெக்கவர்-செஷன் கொடுத்துத் தானாகச் சேமிக்கப்பட்டவற்றை மீட்டுக்கொள்ளுங்கள்.